அரியலூர் ராட்சதன் எங்கே போனான்? மண்ணோடு மண்ணாய்ப் போன டைனோசர் எலும்பின் கதை

அரியலூர்: தரையில் நடக்கிற மிருகத்திலேயே பெரிசு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளை கூட யானை என்று சொல்லும். இன்றைக்கு அதுதான் சரி. ஆனால் சுமார் 6.7 கோடி வருஷத்துக்கு முன்னாடி இதே அரியலூர் மண்ணில் ஒரு மிருகம் நடமாடியிருக்கிறது. அதோட முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு மட்டுமே 2 மீட்டர். அதாவது ஆறரை அடி. நம்ம ஆளுங்களில் நல்ல உயரமான ஒருத்தர் பக்கத்தில் போய் நின்றால் கூட அந்த ஒத்தை எலும்புக்கு எட்டமாட்டார்.

பூமியில் இதுவரை காலூன்றி நடந்த உயிர்களிலேயே இதுதான் பெரிசாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கா இல்லை, ஆப்பிரிக்கா இல்லை. நம்ம கல்லமேடு!

சரி, அந்த எலும்பை எங்கே போய்ப் பார்க்கலாம்? அங்கேதான் வில்லங்கம். எங்கேயும் பார்க்க முடியாது. அது மியூசியத்திலும் இல்லை, ஆய்வுக்கூடத்திலும் இல்லை. தோண்டி எடுத்ததும் நொறுங்கிப் போய்விட்டது.

கல்லமேட்டில் கிடைத்தது என்ன?

அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர் கல்லமேடு. எலும்பு கிடைத்த காலத்தில் அது திருச்சி மாவட்டம். இந்திய புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற ரெண்டு ஆய்வாளர்கள் இந்தப் பகுதியில் பாறைகளை ஆராய்ந்தபோது சில பெரிய எலும்புகளைக் கண்டுபிடித்தார்கள். இடுப்பு எலும்பு, தொடை எலும்பில் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழ் எலும்பு, முன்னங்கால் எலும்பு ஒன்று, வாலில் இருக்கிற முதுகெலும்புத் துண்டு. அவ்வளவுதான் கிடைத்தது. தலை கிடைக்கவில்லை, பல் கிடைக்கவில்லை.

1987-ல் இந்த மிருகத்துக்கு 'புருஹத்காயோசாரஸ் மேட்லியி' என்று பெயர் வைத்தார்கள். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அர்த்தம் சுலபம். சமஸ்கிருதத்தில் 'பிருஹத்' என்றால் பெரிய, 'காயம்' என்றால் உடம்பு. பெரிய உடம்புக்காரன்! பின்னாடி ஒட்டியிருக்கிற 'சாரஸ்' கிரேக்க வார்த்தை, பல்லி என்று பொருள். 'மேட்லியி' என்பது வெள்ளைக்காரர் காலத்தில் ஜபல்பூரிலும் நம்ம திருச்சிச் சீமையிலும் டைனோசர் எலும்பு தேடி அலைந்த சார்லஸ் ஆல்பிரட் மேட்லி என்ற ஆய்வாளரின் நினைவாக வைத்தது.

பெயர் வைத்தவர்கள் முதலில் இதை மாமிசம் தின்னும் டைனோசர் வகையில் சேர்த்தார்கள். சினிமாவில் கர்ஜித்துக்கொண்டு ஜீப்பைத் துரத்துமே, அந்த மாதிரி வகை. ஆனால் அந்த வகை மிருகத்துக்கு இவ்வளவு பெரிய கால் எலும்பு எப்படி இருக்கும் என்று மற்ற விஞ்ஞானிகளுக்கு சந்தேகம் வந்தது. 1995-ல் சங்கர் சாட்டர்ஜி என்ற இந்திய விஞ்ஞானி, இது மாமிசம் தின்னும் ஜாதியே இல்லை, நீளக் கழுத்தும் நீள வாலும் வைத்துக்கொண்டு இலை தழை தின்னும் ஜாதி என்று சொன்னார். இன்றைக்கு அதைத்தான் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

எவ்வளவு எடை? 2023-ல் கிரிகோரி பால், அசியர் லாரமெண்டி என்ற ரெண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம். ஒரு நல்ல ஆண் யானை 4 முதல் 5 டன். அப்படிப் பார்த்தால் சுமார் 25 யானைகளை ஒன்றாகச் சேர்த்து உருட்டிய மாதிரி ஒரு உடம்பு. கடலில் இருக்கிற நீலத் திமிங்கிலத்தோடு போட்டி போடுகிற எடை இது. திமிங்கிலத்தையாவது தண்ணீர் தாங்குகிறது. இது நாலு காலில் நின்றிருக்கிறது!

எலும்பு கல்லானது எப்படி?

அரியலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடலாம். இந்தப் பக்கம் பூராவும் ஒரு காலத்தில் கடல். இப்போ கடல் பார்க்கணும்னா பஸ் ஏறி நாகப்பட்டினமோ கடலூரோ போகணும். அந்தக் காலத்தில் கடல் அரியலூர், பெரம்பலூர் வரைக்கும் உள்ளே வந்திருந்தது. கோடிக்கணக்கான வருஷம் அலை அடித்து, சிப்பியும் நத்தையும் செத்து செத்து அடியில் படிந்ததுதான் இன்றைக்கு சுண்ணாம்புக் கல் சுரங்கமாக இருக்கிறது. அந்தக் கல்தான் சிமெண்டு ஆலைக்குப் போகிறது. உங்க வீட்டுச் சுவரில் பூசியிருக்கிற சிமெண்டு அரியலூர் சிமெண்டாக இருந்தால், அதில் டைனோசர் காலத்துச் சிப்பி கலந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அப்போ கடலில் டைனோசர் எப்படி வந்தது? நல்ல கேள்வி. கடைசிக் காலத்தில் கடல் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. கடல் போன இடத்தில் ஆறுகள் மணலும் களிமண்ணும் கொண்டுவந்து கொட்டின. அப்படிப் படிந்ததுதான் கல்லமேட்டுப் பாறை அடுக்கு. ஆற்றங்கரையில் செத்து விழுந்த மிருகம், வெள்ளம் வந்து சீக்கிரமே மண் மூடிவிட்டால் தப்பித்தது. நரி கடிக்காமல், வெயில் காயாமல் உள்ளேயே கிடக்கும். சதை அழுகிப் போகும். எலும்பில் இருக்கிற நுண்ணிய ஓட்டைகளில் நிலத்தடித் தண்ணீரில் கரைந்திருக்கிற தாது உப்பு போய் உட்காரும். பல லட்சம் வருஷத்தில் எலும்பு கல் மாதிரி ஆகிவிடும். இதைத்தான் புதைபடிவம் என்கிறார்கள்.

கல் மாதிரி என்றால் எல்லாமே கருங்கல் மாதிரி இறுகிப் போகாது. அது எந்த மண்ணில் கிடந்தது என்பதைப் பொறுத்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 18 மீட்டர் நீளம், 12 கோடி வருஷம் பழசு. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார். பின்னாளில் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்திய இயக்குநராக வந்தவர் அவர்தான். அந்த மரம் வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் தாங்குகிறது. காரணம், மரத்தின் உள்ளே சிலிக்கா போய் இறுகியிருக்கிறது. தட்டினால் கல் சத்தம் வரும்.

கல்லமேட்டு எலும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது கிடந்தது சரியாக இறுகாத மணலும் களிமண்ணும் கலந்த அடுக்கு. மழை பெய்தால் களிமண் ஊதும். வெயில் அடித்தால் சுருங்கி வெடிக்கும். வயலில் வெடிப்பு விடுகிற மாதிரி. உள்ளே இருக்கிற எலும்பும் அதோடு சேர்ந்து விரிசல் விடும். பூமிக்குள்ளே இருக்கிற வரைக்கும் நாலு பக்கமும் மண் இறுக்கிப் பிடித்திருக்கும், விழாது. மேலே எடுத்த உடனே பிடிமானம் போய்விடும். நன்றாக ஊறிய ரஸ்க்கை டீயிலிருந்து எடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கதைதான்.

மாவுக்கட்டு போட்டும் நிற்கவில்லை

கை கால் உடைந்தால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறார்கள் இல்லையா? டைனோசர் எலும்பு எடுக்கவும் அதே மாவுக்கட்டுதான் போடுகிறார்கள். முதலில் எலும்பைச் சுற்றி இருக்கிற மண்ணை சின்ன உளி, பிரஷ் வைத்து மெதுவாக எடுப்பார்கள். கடப்பாரை, ஜேசிபி எல்லாம் கிட்டவே வரக்கூடாது. விரிசல் இருக்கிற இடத்தில் பசை மாதிரி ஒரு திரவத்தை சொட்டு சொட்டாக விட்டு இறுக வைப்பார்கள். அப்புறம் ஈரக் காகிதம் சுற்றி, அதன் மேலே சாக்குத் துணியை பிளாஸ்டர் கரைசலில் முக்கி அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். காய்ந்ததும் அடியில் வெட்டி, அப்படியே புரட்டிப் போட்டு, அந்தப் பக்கமும் கட்டுப் போட்டு லாரியில் ஏற்றுவார்கள்.

ஆறரை அடி எலும்பை, அதுவும் புட்டு மாதிரி உதிர்கிற எலும்பை இப்படி எடுக்க எவ்வளவு ஆள், எவ்வளவு மருந்து, எவ்வளவு நாள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அந்த அளவுக்கு வசதி இல்லை. அதற்காக அந்த ரெண்டு ஆய்வாளர்களைக் குற்றம் சொல்வதும் நியாயம் இல்லை. வெயிலில் கிடந்து தேடிக் கண்டுபிடித்து, உலகத்துக்குச் சொன்னதே அவர்கள்தான்.

எலும்பு வெள்ளத்தில் அடித்துப் போய்விட்டது என்றுதான் ரொம்ப நாளாக ஒரு பேச்சு இருந்தது. 2017-ல் அய்யாசாமியும் பீட்டர் கால்ட்டன் என்ற வெளிநாட்டு ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் நடந்தது தெரிந்தது. மாவுக்கட்டு போட்ட நிலையிலேயே எலும்பு உதிர ஆரம்பித்துவிட்டது. ஆபீசுக்குப் போய்ச் சேருவதற்குள் கதை முடிந்துவிட்டது.

எலும்பா? மரக்கட்டையா?

எலும்பு போனது ஒரு நஷ்டம் என்றால், அதைவிடப் பெரிய நஷ்டம் அப்புறம் வந்தது. 1987 கட்டுரையில் எலும்பின் கோட்டோவியம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் எப்படி நம்புவார்கள்? 'இவ்வளவு பெரிய எலும்பா? அந்தப் பகுதியில் கல்லான மரம் நிறையக் கிடக்குதே, அதைப் பார்த்து எலும்புன்னு நினைச்சிருப்பாங்க' என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். எலும்பை எடுத்து மேஜை மேலே வைத்து 'நீயே பார்த்துக்கோ' என்று சொல்லவும் வழியில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எலும்பா, மரமா என்று கண்டுபிடிக்க முழு எலும்பு தேவையே இல்லை. கைப்பிடி அளவு துண்டு போதும். அதை கண்ணாடி மாதிரி மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப் அடியில் வைத்தால் தெரிந்துவிடும். எலும்பு என்றால் ரத்தக் குழாய் ஓடிய ஓட்டைகள் வட்டம் வட்டமாகத் தெரியும். மரம் என்றால் மரத்தின் அறைகளும் வளையங்களும் தெரியும். கைப்பிடி அளவு துண்டு நல்ல நிலையில் இருந்திருந்தால் கூட இத்தனை வருஷச் சண்டை ஒரே நாளில் தீர்ந்திருக்கும்.

2022-ல்தான் ஒரு திருப்பம். அய்யாசாமியும் சௌரவ் பால் என்ற ஆய்வாளரும் அந்தக் காலத்தில் கல்லமேட்டில் எடுத்த போட்டோக்களை வெளியிட்டார்கள். மண்ணில் எலும்பு கிடக்கிற போட்டோ. அதைப் பார்த்த பிறகுதான் பலரும் 'சரி, இது நீளக் கழுத்து டைனோசர்தான்' என்று பக்கம் சாய்ந்தார்கள். அடுத்த வருஷமே அந்த 110 டன் கணக்கும் வந்தது. ஆனாலும் போட்டோ போட்டோதான். உலகத்திலேயே பெரிய டைனோசர் எது என்று பட்டியல் போடுகிறவர்கள் நம்ம ஊர்க்காரனை 'சந்தேகக் கேஸ்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, முதல் இடத்தை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

அர்ஜென்டினாவில் நடந்ததைப் பாருங்க

கல்லமேட்டு மிருகத்துக்குப் பெயர் வைத்த அதே 1987-ம் வருஷம் தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டில் ஒரு விவசாயி தன் நிலத்தில் பெரிய கட்டை மாதிரி ஒன்றைப் பார்த்தார். அவரும் கல்லாகிப்போன மரம் என்றுதான் நினைத்தார். ஆனால் உடைக்கவில்லை. உள்ளூர் மியூசியத்தில் போய்ச் சொன்னார். வந்து பார்த்தால் டைனோசர் கால் எலும்பு! அதற்குத்தான் 1993-ல் 'அர்ஜென்டினோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதோட கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர். நம்ம கல்லமேட்டு எலும்பு 2 மீட்டர். கிட்டத்தட்ட அரை மீட்டர் நாம்தான் முன்னாடி. ஆனால் அவர்களிடம் எலும்பு இருக்கிறது, நம்மிடம் இல்லை. பேர் அவர்களுக்கு.

அதே அர்ஜென்டினாவில் இன்னொரு கதையும் உண்டு. ஒரு பண்ணையில் வேலை பார்த்த கூலித் தொழிலாளி கண்ணில் ஒரு எலும்பு பட்டது. அந்த இடத்தைத் தோண்டியபோது குறைந்தது 6 டைனோசர்களின் எலும்புகள், மொத்தம் 130-க்கும் மேல் வந்தன. 2017-ல் அதற்கு 'படகோடைட்டன்' என்று பெயர் வைத்தார்கள். தொடை எலும்பு மட்டும் 2.38 மீட்டர். அதை மாதிரியாக வைத்துச் செய்த முழு எலும்புக்கூடு நியூயார்க் மியூசியத்தில் நிற்கிறது. 122 அடி நீளம். அறைக்குள் இடம் பற்றாமல் தலை வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது. முதலில் பார்த்தது விஞ்ஞானி இல்லை, பண்ணையில் வேலை பார்த்த கூலி ஆள்.

நம்ம நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. குஜராத் மாநிலம் கட்ச் பகுதியில் நிலக்கரி வகையைச் சேர்ந்த லிக்னைட் சுரங்கம் ஒன்றில் 2005-ல் சில முதுகெலும்புகள் கிடைத்தன. நம்ம நெய்வேலியில் எடுக்கிறார்களே, அதே பழுப்பு நிலக்கரிதான். முதலை எலும்பாக இருக்கும் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 20 வருஷம் ஆய்வுக்கூடத்தில் கிடந்தது. ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அதை மறுபடி எடுத்துச் சுத்தம் செய்து பார்த்தால், முதலை இல்லை, பாம்பு! 27 முதுகெலும்புகள். 11 முதல் 15 மீட்டர் நீளம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். 4.7 கோடி வருஷம் பழசு. 2024-ல் சிவபெருமான் கழுத்தில் இருக்கிற பாம்பின் பெயரை வைத்து 'வாசுகி இண்டிகஸ்' என்று அறிவித்தார்கள். முதலில் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை, எலும்பு பத்திரமாக இருந்ததால் 20 வருஷம் கழித்து உண்மை தெரிந்தது. கல்லமேட்டில் அந்த ரெண்டாவது வாய்ப்பு கிடைக்கவே இல்லை.

முட்டை விவகாரம்

அரியலூர், பெரம்பலூர் பக்கம் டைனோசர் என்றாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது முட்டைதான். 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறை பக்கம் ஓடையில் டைனோசர் முட்டைகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்ததாக அறிவித்தார்கள். நாடு பூராவும் செய்தி பறந்தது.

அதிலிருந்து யார் உருண்டையாகக் கல்லைப் பார்த்தாலும் 'டைனோசர் முட்டை' ஆகிவிட்டது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. அவ்வளவுதான், வாட்ஸ்அப்பில் பறந்தது. ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து செல்ஃபி எடுத்தார்கள். புவியியல் ஆய்வாளர்கள் வந்து பார்த்து, 'இது முட்டை இல்லீங்க, அம்மோனைட்' என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் பிராணி. கணவாய்க்குச் சொந்தக்காரன். டைனோசர் அழிந்த காலத்தில்தான் அதுவும் அழிந்தது. நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கிற சாளக்கிராமக் கல்லில் சக்கரம் சக்கரமாக இருக்குமே, அது இந்தப் பிராணியின் ஓட்டு அச்சுதான். இது செத்து சேற்றில் விழுந்ததும் அதைச் சுற்றி தாது உப்பு அடுக்கடுக்காகப் படிந்து, பொரிவிளங்கா உருண்டை மாதிரி ஆகிவிடும். அதுதான் குன்னத்து 'முட்டை'.

முட்டையா இல்லையா என்று நாமே ஓரளவு பார்க்கலாம். ராட்சத டைனோசருக்கு ராட்சத முட்டை இருக்கும் என்று நினைக்கிறோம், அங்கேதான் தப்பு. இந்தியாவில் கிடைத்த நீளக் கழுத்து டைனோசர் முட்டைகள் பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர்தான். ஒரு நல்ல தேங்காய் அளவு. முட்டை ரொம்பப் பெரிசானால் ஓடு கனமாகிவிடும், உள்ளே இருக்கிற குஞ்சுக்குக் காற்று போகாது. அதனால் ரெண்டு அடி அகலத்தில் ஒரு உருண்டை கிடைத்தால் அது முட்டையாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. உண்மையான முட்டை என்றால் வெளியே ரெண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தனியாக ஓடு தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதில் பொடிப்பொடியாக மேடும் ஓட்டையும் இருக்கும். உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சுத்தியலை எடுக்காதீர்கள்!

பெரிய எலும்பு கிடைத்தும் சண்டை தீராத இன்னொரு கேசும் நம்ம பக்கம் உண்டு. 1979-ல் இதே யாதகிரி, அய்யாசாமி ரெண்டு பேரும் முதுகில் தட்டு தட்டாக எலும்பு நிற்கும் வகை டைனோசர் என்று ஒன்றை அறிவித்தார்கள். பேர் என்ன தெரியுமா? 'திராவிடோசாரஸ்'. 1996-ல் வேறு ஆய்வாளர்கள் அதே இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இது தரை மிருகமே இல்லை, துடுப்பு வைத்து நீந்துகிற கடல் ஊர்வன என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சண்டை பல வருஷம் ஓடியது. பேர் மட்டும் நன்றாக இருக்கிறது.

இன்னும் உள்ளே என்ன இருக்கு?

ராட்சதன் போனதோடு கல்லமேடு காலியாகிவிடவில்லை. பின்னாளில் ஆய்வாளர்கள் அங்கே மண்ணை அள்ளி, தண்ணீரில் கரைத்து, சல்லடையில் சலித்துப் பார்த்தார்கள். பொன் கொழிக்கிற மாதிரி வேலை. 2013-ல் அதில் ஒரு குட்டிப் பல் வந்தது. 'ட்ரூடான்ட்' என்ற சின்ன டைனோசரின் பல் என்று அறிவித்தார்கள். பறவைக்கு நெருங்கிய சொந்தக்கார வகை. இந்தியாவில் அந்த வகை இருந்ததற்கு அதற்கு முன்னாடி அடையாளமே கிடைத்ததில்லை. மடகாஸ்கர் தீவில் கிடைத்த ஒரு விசித்திர முதலையின் பல்லைப் போலவே இங்கேயும் பற்கள் கிடைத்தன. மடகாஸ்கர் எங்கே, அரியலூர் எங்கே என்று கேட்கலாம். ஒரு காலத்தில் ரெண்டும் ஒட்டிக்கொண்டு இருந்த நிலம். பிரிந்து வந்து ஆசியாவில் முட்டிய கதைதான் இமயமலை.

ஆக, பல் அளவு சின்ன விஷயமே இவ்வளவு கதை சொல்கிறது. பெரிய எலும்பு இன்னொன்று கிடைத்தால்? கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 110 டன் மிருகம் ஒன்றே ஒன்று மட்டும் பிறந்து செத்திருக்காது, கூட்டம் இருந்திருக்கும்.

சுரங்கம் வேண்டாம், ஆலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அரியலூரில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேலையால்தான். டைனோசர் எலும்பு வருவது சுண்ணாம்புக் கல் அடுக்குக்கு மேலே இருக்கிற ஆற்று மண் அடுக்கில். கிணறு வெட்டும்போது, ஏரி தூர்வாரும்போது, ரோடு போடும்போது, ஓடைக் கரை சரியும்போது வெளியே வரலாம். அதை முதலில் பார்க்கப் போவது டெல்லியில் இருக்கிற விஞ்ஞானி இல்லை. மண்வெட்டி பிடித்தவர், பொக்லைன் ஓட்டுகிறவர், ஆடு மேய்க்கப் போனவர்.

இந்த மாதிரி புதைபடிவ இடங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதா வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. குஜராத்தில் பாலசினோர் பக்கத்தில் ரையோலி கிராமத்தில் டைனோசர் எலும்பும் முட்டையும் கிடைத்த இடத்தை வேலி போட்டுப் பாதுகாத்து, 2019-ல் மியூசியமும் திறந்துவிட்டார்கள். நம்ம பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மோனைட், சிப்பி என்று கடல் பிராணிகளைப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.

கண்ணில் பட்டால் என்ன செய்யணும்?

மண்ணில் நீளமாகக் கல் மாதிரி ஏதாவது தெரிந்து, உள்ளே தேன்கூடு மாதிரி பொடி ஓட்டை இருந்தால் அது எலும்பாக இருக்கலாம். முதல் வேலை, கையை எடுத்துவிடுங்கள். பிடுங்கக் கூடாது. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, கல்லமேட்டு மண்ணுக்கு தண்ணீர்தான் எமன். ஞாபகத்துக்கு ஒரு துண்டு என்று உடைத்து வீட்டுக்கு எடுத்துப் போவதும் வேண்டாம். எந்த அடுக்கில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இடத்தை விட்டு நகர்ந்தால் அது வெறும் கல்.

பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ அஞ்சு ரூபாய் நாணயமோ வைத்து செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அளவு தெரியும். தூரத்தில் இருந்து ஒரு போட்டோ, சுற்றி இருக்கிற மரம், கரை தெரிகிற மாதிரி. போனில் இடத்தின் லொகேஷனைப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் காய்ந்த மண்ணை மேலே போட்டு மூடிவிடுங்கள். மேலே தார்ப்பாய் ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது.

வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லலாம், கலெக்டர் ஆபீசில் மனுவாகவும் கொடுக்கலாம். சென்னை கிண்டியில் இந்திய புவியியல் ஆய்வுத் துறை ஆபீஸ் இருக்கிறது, அங்கேயும் போட்டோவோடு தகவல் கொடுக்கலாம். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னாடி சொல்லிவிட்டால் ஆள் வந்து பார்க்க அவகாசம் இருக்கும்.